"பேச்சு: இல்லை" என்ற வரிக்குக் கீழே இன்னும் நான்கு வரி வேண்டும்

பெறுநர்: காவிரி டெல்டா மாவட்டங்களின் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர்கள், உள்ளடக்கிய கல்வி ஒருங்கிணைப்பாளர்கள், மதிப்பீட்டு முகாம்களில் சான்று எழுதும் மருத்துவர்கள்

மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு,

மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளில் யாருக்கு "பேச்சு வர வாய்ப்பில்லை" என்று முகாமில் எழுதப்படுகிறதோ, அவர்களை இனிமேல் பேச்சுப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டாம் என்று எங்கள் பகுதியில் முடிவாகியிருக்கிறது. ஆணையாக எழுதி ஒட்டவில்லை. வாய்மொழியாகச் சொல்லிவிட்டு, வருகைப் பட்டியலில் பெயரை விட்டுவிட்டார்கள். கேட்டால், பயிற்சியாளர்கள் குறைவு, பேச்சு வரக்கூடிய பிள்ளைகளுக்கு அந்த நேரத்தைக் கொடுக்கலாமே என்கிறார்கள். பயிற்சியாளர்கள் குறைவு என்பது வேதாரண்யத்திலிருந்தும் திருத்துறைப்பூண்டியிலிருந்தும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தஞ்சாவூருக்குப் பஸ் ஏறுகிறவர்களுக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் இந்த முடிவை ஏற்க முடியாது. வாயால் பேச முடியாது என்று உறுதியாகிவிட்ட பிள்ளையிடம்தான் பேச்சுப் பயிற்சியாளர் முதலில் போக வேண்டும். பேச வைப்பது அவர் வேலையில் ஒரு பாதி. பேச்சில்லாமலே சொல்ல வைப்பது மறு பாதி.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் இந்தப் பிள்ளைகளோடும் பெரியவர்களோடும் அன்றாடம் இருக்கும் பெற்றோர், சிறப்புப் பயிற்றுநர்கள், பேச்சுப் பயிற்சியாளர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 2(எஃப்)-இல், தொடர்பு என்பதற்குள் பேச்சுக்குத் துணையாகவும் மாற்றாகவும் வரும் முறைகளையும் சேர்த்தே வரையறுக்கிறது. பேச்சிலும் மொழியிலும் குறைபாடு உள்ளவர்களின் அன்றாடத் தேவைக்கு அந்த முறைகளை வளர்ப்பது அரசின் கடமை என்கிறது பிரிவு 17(எஃப்). 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடுள்ள மாணவர்களுக்கு 18 வயது வரை உதவிக் கருவிகளை இலவசமாகத் தரச் சொல்கிறது 17(ஜி). பேச்சு வருமா வராதா என்று பார்த்து யாரையும் வரிசையிலிருந்து எடுக்க இந்தப் பிரிவுகளில் இடமில்லை.

மூளை முடக்குவாதத்தில் பேச்சு ஏன் தடைபடுகிறது என்பதிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் முகாமில் நடக்கும் தவறின் வேர் அங்கே இருக்கிறது. பேச வேண்டுமானால் மூச்சு, குரல்வளை, நாக்கு, உதடு, தாடை எல்லாம் நொடிக்குள் ஒத்து இயங்க வேண்டும். தசைக்குப் போகும் கட்டளை கலங்கிவிட்டால் என்ன சொல்வது என்று தெரிந்திருந்தும் வாய் ஒத்துழைக்காது. மூளை முடக்குவாதம் உள்ளவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வாய்ப்பேச்சு வராது. ஏறத்தாழ இரண்டில் ஒருவருக்கு அறிவுத்திறன் குறைபாடு கிடையாது. ஆகவே ஒன்றை வைத்து மற்றொன்றைக் கணிக்க முடியாது. எங்கள் கையில் இருக்கும் முகாம் படிவங்களிலோ "பேச்சு: இல்லை" என்ற வரிக்கு அடுத்து, எந்தச் சோதனையும் செய்யாமல், "புரிதல்: குறைவு" என்று எழுதியிருக்கிறது. வாயால் பதில் கேட்கும் அறிவுத்திறன் சோதனையையோ, கட்டைகளைக் கையால் அடுக்கச் சொல்லும் சோதனையையோ கொடுத்து, செய்ய முடியாததை அறியாமை என்று கணக்கெழுதுகிறார்கள். அதே படிவத்தின் பரிந்துரைப் பகுதியில் சக்கர நாற்காலி, மூலை நாற்காலி, கால் பட்டை எல்லாம் இருக்கின்றன. தொடர்புக்கென்று ஒரு வரி இல்லை.

இன்னொரு காரணமும் சொல்லப்படுகிறது: படங்களைச் சுட்டிக்காட்டித் தன் எண்ணத்தைச் சொல்ல உதவும் படப் பலகை கொடுத்தால் பிள்ளை சோம்பேறியாகும், வருகிற பேச்சும் வராமல் போகும் என்று. வளர்ச்சிக் குறைபாடுள்ளவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2006-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், நம்பத்தகுந்த சான்றுள்ளவர்களில் பெரும்பாலோருக்குப் பேச்சு கூடியது, சிலருக்கு மாறவில்லை, ஒருவருக்கும் குறையவில்லை. ஐந்து வயதாகட்டும், பேச்சு வருகிறதா பார்ப்போம் என்று காத்திருக்கச் சொல்வதால் மொழி வளர வேண்டிய ஆண்டுகள்தான் வீணாகின்றன.

செய்ய வேண்டிய முதல் வேலைக்கு ஒரு பைசா செலவில்லை. "ஆம்", "இல்லை" என்பதை இந்த ஆள் எப்படிச் சொல்கிறார் என்று கண்டுபிடிப்பதுதான் அது. தலையசைக்கச் சொல்வார்கள். கட்டுப்படாத அசைவுகள் உள்ள வகையில் தலை தானாகவே ஆடும், அதை நம்ப முடியாது. கண்ணை மேலே தூக்குவது, கண்ணை இறுக மூடுவது, நாக்கை நீட்டுவது, வலது முட்டியை அசைப்பது என்று அவரால் களைக்காமல் திரும்பத் திரும்பச் செய்ய முடிகிற இரண்டு வேறு வேறு அசைவுகள் வேண்டும். "இல்லை"க்கு ஒன்றும் செய்யாமல் இருப்பது என்று வைத்துவிட்டால், கேட்கவில்லையா, இல்லை என்கிறாரா என்று தெரியாது. அதனால் அதற்கும் ஓர் அசைவு கட்டாயம்.

சோதிக்கும்போது விடை நமக்குத் தெரிந்த கேள்விகளாகக் கேட்க வேண்டும்: "உம் பேரு செல்வியா?", "இது உங்க வீடா?", "இவங்க உன் அத்தையா?" பிடிக்கும், பிடிக்காது என்ற கேள்விகள் சோதனைக்கு ஆகாது. விடை சரியா என்று நாம் சொல்ல முடியாதே. பத்துக் கேள்வியில் ஆம், இல்லை வரிசை கலந்து வரட்டும். ஒரே கேள்வியைப் புரட்டியும் கேளுங்கள். கேட்டபின் மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பெரும்பாலான முகாம்களில் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். மூன்றாவது நொடியில் அம்மாவைத் திரும்பிப் பார்த்து "சொல்ல மாட்டானா?" என்று கேட்டுவிடுகிறார்கள். அந்தக் குரலில் பதறி உடம்பு விறைக்கிறது, வர இருந்த அசைவு போய்விடுகிறது. "சாப்பிடுறியா, தண்ணி வேணுமா?" என்று இரண்டை ஒன்றாகக் கேட்பது அடுத்த தவறு. அதற்கு ஆம் என்றால் எதற்கு ஆம்?

பலகைக்கு முன்னால் உட்காரும் விதம். இடுப்பு பின்னே ஒட்டி, தொடையும் முழங்காலும் மடங்கி, பாதம் தரையிலோ பலகையிலோ ஊன்றி, முழங்கை உயரத்தில் ஒரு தட்டு, தலைக்கு இரு பக்கமும் அணைப்பு. பாதம் தொங்கினால் கை நிலைக்காது. சிலருக்குத் தலையை ஒரு பக்கம் திருப்பினால் அந்தப் பக்கத்துக் கை விறைத்து நீளும், எதிர்க்கை மடங்கும். அவர்களுக்குப் பலகையை ஓரமாக வைத்தால் அந்த அனிச்சை கிளம்பிக் கையைப் பறித்துவிடும். நேர் நடுவில், கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே வைக்க வேண்டும். ஒரு கையால் தட்டில் பொருத்திய உருளைக் கட்டையைப் பிடித்துக்கொண்டால் மறு கை கொஞ்சம் அடங்கும். இயன்முறை மருத்துவர் ஏற்கெனவே வீட்டுக்கு வருகிறார். காலுக்குப் பயிற்சி கொடுக்கும் அதே வருகையில் இதையும் பார்க்கச் சொன்னால் போதும், தனிச் செலவு இல்லை.

சுட்டுவதற்கு விரல் இருக்க வேண்டும் என்று யாரும் விதிக்கவில்லை. மூடிய கையால் சுட்டுகிறவருக்குக் கட்டம் 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல், இடையில் 2 சென்டிமீட்டர் இடைவெளியோடு ஏ3 தாளில் செய்யலாம். கையே வராதவருக்குக் கண். கண்ணும் நிலைக்காதவருக்கு, கூட இருப்பவர் வரிசை வரிசையாக வாசித்து ஆம் வரும் இடத்தில் நிற்கும் முறை. அதில் வரிசையின் ஒழுங்கை ஒருநாளும் மாற்றக் கூடாது, அவர் மனப்பாடமாக வைத்திருப்பார். கடைசிக் கட்டம் எப்போதும் "இதுல இல்ல" என்று இருக்க வேண்டும். அந்தக் கட்டம் இல்லாத பலகையில், இருப்பவற்றுள் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டிய கட்டாயத்தை நாம் அவர்மேல் ஏற்றுகிறோம்.

இனி, எங்களுக்குக் கிடைத்த பலகைகளில் இருந்த சொற்கள். ஆப்பிள், திராட்சை, சிங்கம், விமானம், கப்பல். பாடப் புத்தகத்திலிருந்து எடுத்த பெயர்ச்சொற்கள். நாள் முழுக்க ஒருவருக்குத் தேவைப்படுபவை வேறு: வேணும், வேணாம், போதும், இன்னும், நிறுத்து, மாத்து, ஏன், யாரு, எப்ப, எனக்கு, வலிக்குது, பயமா இருக்கு, பிடிக்கல, நான் சொன்னது அது இல்ல. இவற்றை எழுத்துத் தமிழில் "எனக்கு வேண்டும்" என்று அச்சடித்துத் தந்தால் பிள்ளை வீட்டில் கேட்டே அறியாத பேச்சை அதன் வாயில் வைக்கிறோம். தமிழில் வினையோடு விகுதி ஒட்டுவதைப் பலகையிலும் காட்டலாம். இடப்பக்கம் போ, வா, குடு, பாரு, தூக்கு, சாப்பிடு. வலப்பக்கம் ஒரு நிரையில் "ணும்", "மாட்டேன்", "முடியல", "ஆச்சா?". இரண்டைத் தொட்டால் "போணும்", "வர மாட்டேன்", "சாப்பிட்டாச்சா?" என்று கூட இருப்பவர் வாய்விட்டுச் சொல்லிக் காட்டுவார். மூன்று வயதுப் பிள்ளைக்கும் இது பிடிபடும். அதற்கப்புறம் ஊர்ச் சொற்கள்: வாய்க்கால், களம், தேர், கொல்லை, நாகூரில் ஒரு வீட்டுக்கு நோன்புக் கஞ்சி, வேளாங்கண்ணியில் ஒரு வீட்டுக்குக் கொடியேற்றம். இந்தக் கட்டங்களைச் சென்னையிலோ டெல்லியிலோ அச்சடிக்க முடியாது. அந்த வீட்டில் உட்கார்ந்துதான் எழுத வேண்டும். நடவு நாளில் அம்மா வயலுக்குப் போய்விட்டால் பாட்டிதான் பிள்ளையோடு இருப்பார், ஆகவே பாட்டிக்கும் படம் தெரிய வேண்டும்.

பலகையைக் கொடுத்துவிட்டுப் பிள்ளை சுட்டுமா என்று காத்திருந்தால் சுட்டாது. நாம் பேசும்போதே நாமும் பலகையைத் தொட்டுத் தொட்டுப் பேச வேண்டும், மாதக் கணக்கில். குழந்தை பேசுவதற்கு முன் ஓராண்டு நம் பேச்சைக் கேட்கிறதே, அதே போல. இதை யாரும் சொல்லித்தராததால் நிறைய பலகைகள் சுவரில் ஆணியில் தொங்குகின்றன.

படங்களோடு நின்றுவிடக் கூடாது. தானே எழுத்துக் கூட்டத் தெரிந்தால்தான் யாரும் கட்டம் போட்டு வைக்காத ஒன்றை ஒருவர் சொல்ல முடியும். 247 எழுத்தைப் பலகையில் அடைக்க முடியாது, தமிழில் எழுத்துப் பலகை சாத்தியமில்லை என்று ஒரு பயிற்சி வகுப்பில் சொல்லப்பட்டது. சாத்தியம். நாங்கள் பயன்படுத்தும் அமைப்பு இது.

3 மில்லிமீட்டர் கனமுள்ள தெளிந்த அக்ரிலிக் தகடு, 60-க்கு 45 சென்டிமீட்டர். கண்ணுக்குக் கண் தெரிய நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு வெட்டிய துளை. விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து மழுக்க வேண்டும். தகட்டில் எட்டுத் தொகுதி: மேலே மூன்று, துளைக்கு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, கீழே மூன்று. ஒவ்வொன்றிலும் நான்கு எழுத்து. மேலே உள்ள மூன்றும் உயிர்: அ ஆ இ ஈ, உ ஊ எ ஏ, ஐ ஒ ஓ ஔ. மற்ற ஐந்தும் மெய்: க ங ச ஞ, ட ண த ந, ப ம ய ர, ல வ ழ ள, கடைசியில் ற ன ஃ, அதோடு "முடிஞ்சது" என்ற கட்டம். 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம், ஒரு முடிவுக் கட்டம், ஆக 32. ஓர் எழுத்துக்கு இரண்டு பார்வை. முதல் பார்வை எந்தத் தொகுதி என்பதற்கு. பிறகு கண் எதிரே இருப்பவர் முகத்துக்குத் திரும்பும். இரண்டாம் பார்வை தகட்டின் நான்கு மூலைகளில் ஒன்றுக்கு, தொகுதிக்குள் அந்த எழுத்து எந்த மூலையில் இருக்கிறதோ அந்த மூலைக்கு. மேலே சொன்ன வரிசையில் தொகுதியின் எண்ணை முதலிலும், அதற்குள் எழுத்தின் எண்ணை அடுத்தும் எழுதினால், "தண்ணி" என்பது 5-3, 5-2, 5-2, 1-3. அகரத்துக்கு உயிரைத் தனியே காட்டத் தேவையில்லை. புள்ளியையும் காட்டத் தேவையில்லை, படிப்பவர் ஊகித்துக்கொள்ளலாம். கிரந்த எழுத்துக்கு ச-வும் க-வும் போதும்: ப, ச என்று வந்தால் பஸ்.

இதில் கெடுவது எங்கே என்றும் சொல்லிவிடுகிறோம். பிடித்திருப்பவர் பக்கம் எழுத்துகள் இடவலமாகத் தெரியும், அதனால் அதே இடத்தில் பின்பக்கமும் எழுத்து ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் அவர் திணறித் தவறாக வாசிப்பார். டியூப் லைட்டுக்கு எதிரே பிடித்தால் தகடு பளபளத்துக் கண் போகும் திசை தெரியாது. ஜன்னல், தகட்டைப் பிடிப்பவரின் முதுகுப் பக்கம் வரக் கூடாது, பக்கவாட்டில் வரட்டும். எழுத்து ஒவ்வொன்றையும் வாசித்து "சரியா?" என்று கேட்டு, ஆம் வாங்கியபிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். முந்திரிக்கொட்டையாகச் சொல்லை முடித்து வைப்பது பெரிய கேடு. "அம்ம" வந்ததும் "அம்மாவா?" என்று எழுந்து போய்விட்டால், அம்மன் கோயில் என்று சொல்ல வந்தவர் அடுத்த தடவை சொல்லவே மாட்டார். ஊகிக்கலாம், ஆனால் ஊகத்துக்கு ஆம் வந்தால்தான் அது அவருடைய சொல்.

இன்னொரு விதி, தளர்த்தக் கூடாதது: எழுதுகிறவரின் கையையோ முழங்கையையோ மணிக்கட்டையோ வேறு ஒருவர் பிடித்து நகர்த்தக் கூடாது. அப்படி வரும் சொற்கள் பிடித்தவரின் சொற்கள் என்று கட்டுப்பாட்டுச் சோதனைகளில் திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. கையைப் பிடித்துச் செய்யும் முறையைச் சொல்லிக்கொடுக்க யாராவது வந்தால் அனுமதிக்காதீர்கள்.

பள்ளியில் நடப்பது இதற்கு நேர் எதிர். எழுத்தறிவை வாய்விட்டு வாசிக்கச் சொல்லியே சோதிக்கிறார்கள். வாசிக்காத பிள்ளை அரும்பு என்ற தொடக்க நிலையிலேயே நின்றுவிடுகிறது, வகுப்பு மட்டும் ஏறுகிறது. நான்கு அட்டையைத் தகட்டின் நான்கு மூலையில் செருகி "'மரம்' எங்க இருக்கு? பாரு" என்று கேட்டால் ஆசிரியர் அதே நிலையைச் சோதிக்கலாம். மெய்யும் உயிரும் சேர்வதைச் சொல்லித்தரவும் இதுவே போதும். பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவரைத் தருகிறீர்கள், கூடுதலாக ஒரு மணி நேரம் தருகிறீர்கள். எழுதுபவருக்குப் பலகை வாசிக்கத் தெரியாது. "தண்ணி" என்ற சொல்லுக்கே எட்டுப் பார்வை. மூன்று மணி நேரத் தாளுக்கு ஒரு மணி நேரம் எப்படிப் போதும்? 2018-இல் வந்த மத்திய அரசின் வழிகாட்டு நெறி மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையக் கூடாது என்றுதான் சொன்னது. குறைந்தபட்சத்தையே உச்சவரம்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

டேப்லெட்டைப் பற்றி. நாங்கள் அதற்கு எதிரி அல்ல. சென்னையில் வித்யாசாகர் போன்ற அமைப்புகளின் அனுபவத்தோடு உருவான, படத்தைத் தொட்டால் குரலில் சொல்லும் ஆவாஸ் செயலி தமிழிலும் இயங்குகிறது. ஸ்பெயினின் அரகான் அரசு வெளியிட்டுள்ள அராசாக் படங்களை வணிகம் அல்லாத பயன்பாட்டுக்குக் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளலாம். குரல் கிடைப்பதால் அடுத்த அறையில் இருப்பவரைக் கூப்பிட முடிகிறது, அது பெரிய விஷயம். ஆனால் எங்கள் பகுதியில் கருவிகள் வந்த விதம் இப்படி: எல்லோருக்கும் ஒரே மாதிரி, பெட்டியோடு, மேடையில் புகைப்படம் எடுத்து. நாற்காலியில் பொருத்தும் தாங்கி இல்லை, ஆகவே யாராவது கையில் பிடித்தால்தான் பேச்சு. தொடுதிரைக்கு மேல் கட்டம் கட்டமாகத் துளையிட்ட தடுப்புத் தகடு இல்லை, நடுங்கும் கை மூன்று கட்டத்தை ஒன்றாக அழுத்துகிறது. விரல் எத்தனை நேரம் அழுந்தினால் ஏற்க வேண்டும் என்ற அமைப்பை யாரும் மாற்றித் தரவில்லை. அரை நொடியிலிருந்து ஒரு நொடிக்குள் வைத்துப் பார்த்து, ஆளுக்குத் தகுந்தபடி கூட்டிக் குறைக்க வேண்டும். கைபடாதவருக்கு ஒற்றைப் பொத்தான் சுவிட்ச் தேவை, ஆண்ட்ராய்டிலேயே அதற்கான வசதி இருக்கிறது, பொத்தானைத்தான் காணோம். கொடுத்த செயலியில் ஆங்கிலக் குரல். உடைந்துவிடும் என்று பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள் என்று பெற்றோரைக் குறை சொல்கிறீர்கள். உடைந்தால் எங்கே பழுது பார்ப்பது என்று அவர்களுக்குச் சொன்னவர் யார்?

கருவி இருந்தாலும் காகிதப் பலகை கூடவே இருக்க வேண்டும். இந்த மண்ணுக்கு அது தனியாகவே சொல்லத் தக்கது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரை கடந்தது. கிராமங்களில் வாரக் கணக்கில் மின்சாரம் இல்லை. நிவாரண முகாமில், அம்மா வரிசையில் நிற்கப் போன நேரத்தில், பக்கத்தில் இருப்பவருக்கு வலிக்கிறது என்றோ, படுக்க வைத்துச் சோறு ஊட்டாதே புரையேறும் என்றோ, வலிப்பு மாத்திரை வேளை தவறிவிட்டது என்றோ எப்படித் தெரிவிப்பது? கழுத்தில் தொங்கும் பாதி ஏ4 அளவு அட்டை ஒன்று போதும். முன்பக்கம்: பெயர், ஆம் எப்படிச் சொல்வார், இல்லை எப்படிச் சொல்வார், "நீங்கள் சொல்வது எனக்குப் புரியும், காத்திருங்கள்" என்ற வரி. பின்பக்கம்: உட்கார்த்தும் விதம், ஊட்டும் விதம், மாத்திரை, வலி இருக்கும் இடத்தைக் காட்ட உடம்பின் கோட்டுப் படம். மை பீய்ச்சும் அச்சு எச்சில் பட்டால் கரையும், லேசர் அச்சோ கலர் ஜெராக்ஸோ எடுக்க வேண்டும். லேமினேஷன் கடையில் தாளின் ஓரத்தை ஒட்டி வெட்டித் தருவார்கள். அப்படி வெட்டினால் எச்சிலும் மழை ஈரமும் உள்ளே இறங்கி எழுத்து கலங்கிவிடும். நான்கு பக்கமும் 5 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் விட்டு வெட்டி, மூலையை வட்டமாக்க வேண்டும். கயிற்றுக்குத் துளையை அந்தத் தாளில் போடாமல் பிளாஸ்டிக் உறையில் போட வேண்டும். கயிறு இழுத்தால் கழன்றுவிடும் வகையாக இருக்கட்டும், கழுத்தில் சிக்கக் கூடாது.

கனமான ஒன்று இருக்கிறது. பேச முடியாத பிள்ளைக்கு நடக்கும் பாலியல் கொடுமை வெளியே வருவதில்லை. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டம், பிரிவு 26-இல், மாற்றுத்திறனுள்ள குழந்தையிடம் வாக்குமூலம் பதியும்போது சிறப்புப் பயிற்றுநரையோ, அந்தக் குழந்தையின் தொடர்பு முறை தெரிந்தவரையோ துணைக்கு அழைக்கலாம் என்கிறது. தொடர்பு முறையே அமைக்கப்படாத பிள்ளைக்கு அது தெரிந்தவர் எங்கிருந்து வருவார்? உடம்பின் எல்லா உறுப்புகளின் பெயரும், "தொட்டாங்க", "யாரு", "வேணாம்னு சொன்னேன்", "இத அம்மாகிட்ட சொல்லு" என்ற கட்டங்களும் பலகையில் இருக்க வேண்டும். கூச்சப்பட்டு இவற்றை எடுத்துவிடச் சொன்ன மேற்பார்வையாளர்கள் இருக்கிறார்கள். எடுக்க மாட்டோம்.

18 வயது முடிந்ததும் பள்ளி வழியாக வந்த வருகைகள் நின்றுவிடுகின்றன. 30 வயதுக்காரரின் பலகையில் இன்னும் யானையும் பந்தும் இருக்கின்றன. அவருக்குத் தேவை வங்கி, ஓட்டு, கிராம சபை, தேதி, பணம், "சம்மதம் இல்லை" என்ற சொற்கள். வீட்டுக்கு யாராவது வந்தால் அவரைத் தாண்டி அண்ணனிடம் "இவருக்கு என்ன வேணும்?" என்று கேட்கிறார்கள். அலுவலர்களும் அப்படித்தான் கேட்கிறார்கள்.

எங்கள் கோரிக்கைகள்:

வாய்மொழி முடிவைத் திரும்பப் பெற்று, நீக்கிய பெயர்கள் அனைத்தையும் ஒரு மாதத்துக்குள் பயிற்சிப் பட்டியலில் சேருங்கள். சேர்த்ததை அந்தந்தக் குடும்பத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

மதிப்பீட்டுப் படிவத்தில் "பேச்சு: இல்லை" என்பதற்குக் கீழே நான்கு வரி சேருங்கள்: ஆம், இல்லை எப்படிச் சொல்கிறார், எதனால் சுட்டுகிறார், இப்போது எந்தப் பலகை அல்லது கருவி வைத்திருக்கிறார், அவர் முறை வீட்டிலும் பள்ளியிலும் யாருக்குத் தெரியும். இவை நிரம்பாமல் புரிதல் பற்றி யாரும் ஒன்றும் எழுதக் கூடாது. ஏற்கெனவே எழுதியவற்றை மறுமதிப்பீடு செய்யுங்கள்.

முகாம் நடக்கும் இடத்திலேயே ஒரு லேசர் அச்சுப்பொறியும் லேமினேஷன் இயந்திரமும் வையுங்கள். காகிதப் பலகை இல்லாமல் எந்தக் குடும்பமும் அன்று வீடு திரும்பக் கூடாது. அது முதல் பலகை மட்டுமே. வீட்டுச் சொற்களோடு இரண்டாவதை ஆறு வாரத்துக்குள் செய்து தர வேண்டும்.

பேச்சுப் பயிற்சியாளர் குறைவு என்றால் அவரை ஒவ்வொரு பிள்ளையிடமும் ஓடவிடாதீர்கள். வட்டாரத்துக்கு ஒருவர், அந்த வட்டாரத்தின் சிறப்புப் பயிற்றுநர்களுக்கும் இயன்முறை மருத்துவர்களுக்கும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் ஐந்து நாள் பயிற்சி தரட்டும். அதில் இரண்டு நாளாவது பலகை பயன்படுத்துகிறவர்களோடு நேரில் உட்கார்ந்து. அந்த நாட்களில் சொல்லித்தரும் பயனாளிகளுக்குப் பயிற்றுநருக்குரிய ஊதியமே தர வேண்டும். பிறகு வீட்டில் வந்து பார்ப்பது இரண்டாம் வாரம், ஆறாம் வாரம், மூன்றாம் மாதம். உலக வங்கிக் கடனுதவியோடு நடக்கும் தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தில் மாற்றுத்திறனாளிகளுக்குச் சேவை தரும் விழுதுகள் மையங்களில் இதற்கான நாளையும் அறையையும் ஒதுக்க முடியும்.

கருவி வாங்குமுன் நான்கு வாரம் இரவலாகக் கொடுத்துப் பாருங்கள். ஒப்பந்தப்புள்ளியில் கருவியோடு தாங்கி, தடுப்புத் தகடு, சுவிட்ச், தமிழ்க் குரல், அமைத்துத் தரும் வருகை, மாவட்டத்துக்குள் பழுது பார்ப்பு எல்லாம் சேர்ந்திருக்க வேண்டும். எண்ணிக்கைக்காக வாங்காதீர்கள்.

எழுத்துப் பலகையால் எழுதும் மாணவருக்குப் பலகை வாசிக்கத் தெரிந்த துணையாளர் ஒருவரைத் தேர்வில் அனுமதியுங்கள். பாடம் தெரிந்த ஆசிரியராக அவர் இருக்கக் கூடாது, தேர்வு முழுவதும் காணொளியாகப் பதிவாகட்டும். நேரத்தை அந்த மாணவரின் எழுதும் வேகத்தை அளந்து முடிவு செய்யுங்கள்.

18 வயதுக்கு மேற்பட்டவர்களின் பலகையைப் புதுப்பிக்கும் பொறுப்பை மாவட்ட அலுவலகம் ஏற்க வேண்டும், இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை.

கழுத்து அட்டையை வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், அதாவது செப்டம்பர் முடிவுக்குள், எல்லோருக்கும் கொடுத்து முடியுங்கள். அதை வாசிக்கும் விதத்தைக் கிராம நிர்வாக அலுவலர்களுக்கும் 108 ஊர்திப் பணியாளர்களுக்கும் புயல் நிவாரண மையப் பொறுப்பாளர்களுக்கும் அரை நாள் சொல்லிக்கொடுங்கள்.

இந்த மடலுக்கு 30 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். எந்தக் கோரிக்கைக்கு எந்த அலுவலர் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்று அதில் இருக்க வேண்டும். மறுப்பதாக இருந்தால் எந்தச் சட்டப் பிரிவின்படி மறுக்கிறீர்கள் என்றும் குறிப்பிடுங்கள். அந்தப் பதிலோடு மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் போவோம்.

இப்படிக்கு,
காவிரி டெல்டாவின் மூளை முடக்குவாதம் உள்ளோரின் பெற்றோர், சிறப்புப் பயிற்றுநர்கள், பேச்சுப் பயிற்சியாளர்கள்